சின்யோரா வளவில ஒரு வேலிப்பொட்டு

காரை அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில விடாதையுங்கோ தம்பி. ஓம், அந்தக் கல்லுச் சிங்கம்தான். அதுக்கு வயது முன்னூறு. போன வரியம் பாண் கொண்டு வாறவன்ரை வான் முட்டி வால் நுனி உடைஞ்சு போச்சுது, வீட்டுக்காரச் சின்யோரா ரெண்டு நாள் சாப்பிடேல்லை. இஞ்சால, மரத்துக்குக் கீழை விடுங்கோ. சுவிசில இருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனீங்கள், காருக்கும் நிழல் வேணும்தானே.

கலியாணக் கார்ட்டோ? அதை இப்ப வெளியில எடுக்காதையுங்கோ. என்ரை மனுசி கண்டா உடனை உடைச்சு வாசிச்சிடுவா. உங்கடை பையிலையே கிடக்கட்டும். நீங்கள் வந்த அலுவல் எனக்குத் தெரியும், ரெலிபோனிலையே சொல்லிப்போட்டீங்கள். அண்ணற்றை மகளுக்கு ஆவணியில கலியாணம். ஊரில அவற்றை வளவில பந்தல், என்ரை வளவில சமையல். ஏனெண்டா என்ரை கிணறுதான் நல்ல தண்ணி, அவற்றை கிணறு உவர். ரெண்டு வளவுக்கும் நடுவில நிக்கிறது என்ரை மதில். அதில ஆள் போய்வாற அளவுக்கு ஒரு பொட்டு உடைக்க நான் சம்மதிக்க வேணும். அதுதானே? மாட்டன். அதை முதலே சொல்லிப்போட்டன், இனி நாங்கள் சந்தோசமாக் கதைக்கலாம். வாங்கோ, வளவைச் சுத்திக் காட்டுறன். இத்தாலிக்கு, பொலோனியாப் பக்கம் வந்திட்டு இந்த வில்லாவைப் பாக்காமல் போனா ஆரும் சிரிப்பினம்.

பாத்தீங்களோ, எப்பிடி வீடு. நாப்பத்திநாலு யன்னல். இருக்கிறது ரெண்டு கிழடுகள். உள்ளை விறாந்தையில நிண்டு மேலை பாத்தா, முகட்டில கொழுத்த பிள்ளையள் உடுப்பில்லாமல் பறந்துகொண்டு இருக்குதுகள், எல்லாம் பெயின்ற். மனுசி முதல் நாள் பாத்திட்டு, இதுகளுக்கெல்லாம் ஆர் சமைக்கிறது எண்டு என்னைக் கேட்டவ. அவதான் இஞ்சை குசினி. நான் தோட்டம். ஒன்பது வரியமாப் போச்சு. பரமலிங்கம் எண்டு சொல்லி முடிக்க இவைக்கு மூச்சுக் காணாது, லிங்கோ எண்டுதான் கூப்பிடுவினம்.

அந்தா, குளத்துக்கு அங்கால ஒரு இடிஞ்ச கோயில் தெரியுதெல்லே? அது இடிஞ்ச கோயில் இல்லை தம்பி. கட்டேக்கையே இடிஞ்சதாக் கட்டினது. முந்தி இருந்த பிரபுவுக்கு அது வடிவாம். ஊரில எங்கடை பக்கம் சண்டையில செல் விழுந்து இடிஞ்சதைத் திருப்பிக் கட்ட ஏலாமல் சனம் அந்தரிக்குது, இவை ஆள் பிடிச்சு, படம் கீறி, தூணைப் பாதியில முறிச்சு வைச்சிருக்கினம். வந்த புதிசில, பாவம் எண்டு அந்தத் தூணுக்கு நான் சீமெந்து பூசப் போனனான். சின்யோரா ஓடி வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழாக்குறை.

இதாலை வாங்கோ. இது தேசிக்காய் வீடு. ஓம், தேசிக்காய், எலுமிச்சை மரங்களுக்கெண்டு ஒரு வீடு. ஐப்பசியில குளிர் தொடங்கச் சாடியோடை தூக்கி உள்ளை வைக்க வேணும், வைகாசியில வெளியில எடுக்க வேணும். எனக்கு முதுகுவலி வந்ததே இந்தத் தேசிக்காயளாலைதான். பறவாயில்லை, நல்ல மனுசர். ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கேல்லையே ஒழிய, எங்களோடை நல்ல மாதிரி.

அதைச் சொல்லேல்லை என்ன. சின்யோரா எர்சீலியாவும் சின்யோர் உபால்தோவும் சகோதரங்கள். அவா அக்கா, அவர் தம்பி. அவாவுக்கு எண்பத்திநாலு, அவருக்கு எண்பத்தொண்டு. வீட்டின்ரை இடப்பக்கம் அவாவுக்கு, வலப்பக்கம் அவருக்கு. நான் வந்த நேரம் ரெண்டு பேரும் முகம் பாத்துக் கதைச்சு பத்து வரியம். ஏன் எண்டு கேளுங்கோ. தாய் செத்த கையோடை, தம்பியார் கடற்கரைக்குப் போயிருந்த கிழமை பாத்து, குளத்தடியில நிண்ட ஒரு பொம்பிளைச் சிலையை அக்கா தன்ரை பக்கம் கொண்டுபோய் வைச்சிட்டாவாம். அவ்வளவுதான். அந்தச் சிலைக்கு மூக்கும் இல்லை. மூக்கில்லாத ஒரு சிலைக்காக ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் பத்து வரியம் கதைக்காமல் இருக்கிறதெண்டா, படிச்ச ஆக்கள், வெக்கமாயிருக்காதோ?

நாங்களோ? நாங்கள் இருபத்திநாலு வரியம். அது வேறை.

அது எப்பிடி வேறை எண்டா, அங்கை சிலை, இஞ்சை நிலம். அண்ணர் வேலி அடைக்கேக்கை பழைய கதியாலை விட்டிட்டு ஒண்டரை அடி என்ரை பக்கம் தள்ளிப் புதுக் கதியால் தடி நட்டவர். எல்லையில நிண்ட என்ரை முருங்கை அவற்றை வளவுக்குள்ளை போச்சுது. முருங்கையை விடுங்கோ, முருங்கை எங்கையும் முளைக்கும். நியாயம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. கேட்டதுக்குத் தன்ரை மனுசியின்ரை, அதுதான் என்ரை மச்சாளின்ரை, தமையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். வேலிக்கு ஓணான் சாட்சி. அண்டைக்கே வேலியில இருந்த பொட்டை முள்ளுப் போட்டு அடைச்சனான். இஞ்சை வந்து கையில நாலு காசு சேர்ந்த உடனை ஆள் பிடிச்சு மதில் கட்டுவிச்சன். ஆறடி. மேலை உடைஞ்ச போத்தில் ஓடு. நான் ஒண்டரை அடியை விட்டிட்டு அவர் போட்ட எல்லையிலைதான் கட்டினனான், என்ரை பெருந்தன்மையைப் பாருங்கோ.

சரி, அதை விடுங்கோ. இதுக்குள்ளை வாங்கோ. பயப்பிடாதையுங்கோ, எனக்கு வழி தெரியும்.

இதைத்தான் லபிரிந்தோ எண்டுறது. வேலிக்குள்ளை வேலி, அதுக்குள்ளை இன்னொரு வேலி. உள்ளை வந்தவன் வழி தெரியாமல் சுத்த வேணும், அதுதான் விளையாட்டு. எல்லாம் ஒரே சாதிப் பச்சைச் செடி, ரெண்டு ஆள் உயரம், வைச்சு இருநூற்றி முப்பது வரியம். சரியா நடுவில ஒரு ரோசாப் பாத்தி இருக்கு. அதுக்கு நான் தண்ணி ஊத்த வேணும். குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. வாளியோடை பதினேழு வளைவு சுத்தி வர வேணும் தம்பி, ஒருக்கால் வர. திரும்பிப் போக இன்னொரு பதினேழு. வேனிலில விடிய எட்டு வாளி, பின்னேரம் எட்டு வாளி. பாத்தியில நிண்டு பாத்தா வேலிக்கு அங்காலைதான் தண்ணித் தொட்டி, தண்ணி விழுற சத்தமே கேக்கும். ஆனா சுத்தித்தான் வர வேணும். ஒரு மனுசன் பக்கத்தில நல்ல தண்ணியை வைச்சுக்கொண்டு இப்பிடிச் சுத்திச் சுத்திக் காவுறதெண்டா, இந்த வேலியை வைச்சவனுக்கு நெஞ்சில ஈரம் எண்டு ஒண்டு இருந்திருக்குமோ?

இதைத்தான் நான் மனுசிக்கும் சொன்னனான். அவ வெங்காயம் அரிஞ்சுகொண்டு, “இஞ்சாருங்கோ, உங்கடை மச்சாளும் வரியக்கணக்கா நல்ல தண்ணிக்கு ரோட்டால சுத்தித்தான் போறா” எண்டா. இந்தப் பொம்பிளையள் எதை எதோடை முடியிறது எண்டு தெரியாமல் கதைப்பினம். நான் மச்சாளை வர வேண்டாம் எண்டு சொன்னனானோ? ரோட்டுப் பக்கம் படலை இருக்கு, வந்து அள்ளட்டும். பூட்டுப் போட்டிருக்கு எண்டா, அது கள்ளருக்குப் போட்டது.

எங்கை விட்டனான்? ஓம், வாளி. ரெண்டாம் வரிய வேனிலில எனக்கு விசர் பிடிச்சிட்டுது. எங்கடை பக்கத்தில பொட்டு இல்லாத வேலியைக் கண்டிருக்கிறீங்களோ நீங்கள்? என்னதான் சண்டை எண்டாலும் வேலியில ஒரு மூலையில, குனிஞ்சு போய்வர ஒரு இடைவெளி இருக்கும். கறிக் கிண்ணம் அதாலை போகும், ஊர்க்கதை அதாலை வரும். பொட்டு இல்லாட்டி அது வேலியே இல்லை, மறியற்சாலை. கண்டறியாத லபிரிந்தோ எண்டிட்டு, பெரிய கத்தரியை எடுத்தன். தொட்டிக்கு நேரா, கீழை, ரெண்டரை அடி அகலத்துக்கு ஒரு பொட்டு வெட்டினன். ஆரும் வந்தா மறைக்கிறதுக்கு ஒரு கூடையும் வைச்சன். பதினேழு வளைவு ஒரே எட்டில முடிஞ்சுது. அண்டைக்குத்தான் நான் இந்த நாட்டில முதல் தரம் வேலை செய்து சிரிச்சது.

இதில ஒரு சங்கதி எனக்கு அப்ப தெரியாது. ரெண்டு கிழடுகளும் நாள்தோறும் நாலு மணிக்கு இதுக்குள்ளை வருவினம். அவா கிழக்கு வாசலால, அவர் மேற்கு வாசலால. அவா வந்து ரோசாப் பாத்தியடி வாங்கில இருப்பா. அவர் வேலிக்கு அங்கால, தொட்டியடி வாங்கில. நடுவில ஒரு வேலி. இவா இருமினா அவருக்குக் கேக்கும், அவர் பேப்பரைத் திருப்பினா இவாவுக்குக் கேக்கும். அஞ்சு மணிக்கு எழும்பிப் போவினம். பத்து வரியமா ஒரு சொல்லு இல்லை. நான் பொட்டு வெட்டினது அந்த ரெண்டு வாங்குக்கும் நடுவில எண்டு வெட்டின பிறகுதான் கண்டன்.

முதல் கிழமை ஒண்டும் நடக்கேல்லை. கூடை அசைஞ்சு கிடந்துது, காத்தாக்கும் எண்டு நினைச்சன். பிறகு ஒருநாள் புல்லுப் பிடுங்கிக்கொண்டு இருக்கிறன், சின்யோராவின்ரை பொல்லு மெதுவா வருது. கூடையைத் தள்ளிப்போட்டு, ஒரு தட்டைப் பொட்டுக்குள்ளால அங்கால தள்ளுது. தட்டில நாலு அத்திப்பழம். அந்தப் பக்கத்தில இருந்து ஒரு கை வந்து தட்டை எடுத்துது. கதை இல்லை, பேச்சு இல்லை. அடுத்த நாள் வெறுந்தட்டு வரேல்லை. தட்டில பேப்பர், குறுக்கெழுத்துப் போட்டிப் பக்கம், பாதி நிரப்பினபடி. மிச்சப் பாதியை அக்கா நிரப்பி, பிழையாய் எழுதினதையும் வெட்டித் திருத்தி, திருப்பித் தள்ளி விட்டா. அப்பிடியே மூண்டு மாசம். நான் தண்ணி வாளியோடை வந்தா ரெண்டு பேரும் வானத்தைப் பாப்பினம். நானும் பாப்பன்.

பிறகு வந்துதே ஒரு கண்டம். இந்த வளவு அரசாங்கத்தின்ரை பழம்பெருமைப் பட்டியலில இருக்கு. ஒரு இலை கூடக் கேக்காமல் வெட்ட ஏலாது. ஐப்பசியில கந்தோரில இருந்து ஒரு அம்மா வந்தா, பூட்ஸ் போட்டு, கையில பழைய வரைபடம். ரெண்டு கிழடுகளையும் அவரவர் வாங்கில இருக்க விட்டிட்டு, என்னைப் பின்னால வரச் சொல்லி, வளைவு வளைவாப் படத்தோடை ஒத்துப் பாத்துக்கொண்டு வாறா. நான் அம்மாளாச்சியை நேர்ந்துகொண்டு வாறன். இந்த இடத்துக்கு வந்து நிண்டா. கூடையைக் காலால தள்ளினா. படத்தில வேலி, இஞ்சை வெளிச்சம்.

“ஆர் வெட்டினது?” எண்டு கேட்டா.

தம்பி, எனக்கு அந்த நேரம் என்ன போச்சுதெண்டு சொல்ல ஏலாது. என்ரை வேலை, மனுசியின்ரை வேலை, நாங்கள் இருக்கிற வாசல் வீடு, மூண்டு மாசத்தில புதுப்பிக்க வேண்டிய விசா, எல்லாம் அந்த ரெண்டரை அடிக்குள்ளாலை ஓடிப் போகுது. வாயைத் திறக்கிறன், அதுக்குள்ளை வேலிக்கு அங்கால இருந்து சின்யோர், “நான்தான் வெட்டினன்” எண்டார்.

அவர் சொல்லி வாய் மூடேல்லை, இஞ்சால இருந்து சின்யோரா: “அவனுக்கு முதுகு வளையாது. அவன் எப்பிடி வெட்டுறது? நான்தான் வெட்டினன்.”

“நீயோ? நீ எண்டைக்கு வாழ்க்கையில கத்தரிக்கோல் பிடிச்சனி?”

“உன்ரை பள்ளிக்கூடக் காற்சட்டையை வெட்டித் தைச்சது ஆர்? உன்ரை பெண்சாதியோ?”

தான் ஆடாட்டிலும் தன் தசை ஆடும் எண்டு சும்மாவோ சொன்னவை. பதினொரு வரியமா அடைச்சு வைச்ச கதை முழுக்க அந்தப் பொட்டுக்குள்ளாலை கொட்டுண்டுது. கந்தோர் அம்மா பேனையை மூடிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா. காற்சட்டையில தொடங்கி, தாய்க்கு மருந்து குடுத்தது ஆர் எண்டு போய், கடைசியில சிலையில வந்து நிண்டுது. சின்யோரா சொன்னா, அது அம்மா எனக்குத் தந்தது எண்டு. அந்தப் பக்கத்தில இருந்து மனுசன் சின்னக் குரலில சொன்னார். “நீ எடுத்தது பிழை இல்லை, எர்சீலியா. என்னைக் கேக்காமல் எடுத்ததுதான். ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, நானே தூக்கிக்கொண்டு வந்து வைச்சிருப்பன்.”

எனக்குக் கண் கலங்கிப் போச்சு, சொல்லுறதுக்கு என்ன வெக்கம். ஏனெண்டா இதைத்தான் தம்பி நானும் இருபத்திநாலு வரியமாச் சொல்லுறன். அண்ணர் என்னைக் கேட்டவரோ? ‘தம்பி, என்ரை பக்கம் ஒடுக்கமாக் கிடக்கு, ஒண்டரை அடி விடு’ எண்டு ஒரு சொல்லு. கேட்டிருந்தா முருங்கையை வேரோடை குடுத்திருப்பன்.

சரி, கதையை முடிக்கிறன். கந்தோர் அம்மா ஒருத்தரிலையும் பிழை எழுதேல்லை. அதே சாதிச் செடி ரெண்டு வைச்சுப் பொட்டை அடைக்க வேணும், வரியா வரியம் வந்து பாப்பன் எண்டிட்டுப் போனா. நான் அடுத்த நாளே வைச்சனான். இந்தா, இதுதான் அந்த ரெண்டு செடியும். குனிஞ்சு பாருங்கோ. முழங்கால் உயரம் இருக்குமே? ஏழு வரியமா இதே உயரம்தான். மாசியில குருத்து வரும், பங்குனியில நான் கத்தரிச்சு விடுவன். ஐப்பசியில அந்த அம்மா வந்து செடியைப் பாப்பா, பிறகு என்னைப் பாப்பா. இது மெதுவா வளருற சாதி எண்டு சொல்லுவன். ‘வளருகின்றது’ எண்டு எழுதிக்கொண்டு போவா. நல்ல அம்மா, பாவம், செடியளைப் பற்றி ஒண்டும் தெரியாது.

இப்ப மணி என்ன? நாலு அடிக்கப் போகுது. கேளுங்கோ, வருகினம். இப்பவும் அவா கிழக்காலைதான், அவர் மேற்காலைதான். மானம் மரியாதை எண்டு ஒண்டு இருக்கே. பேப்பர் வந்த உடனை பாருங்கோ, எந்தச் சொல்லு எந்தப் பெட்டிக்குள்ளை எண்டு அஞ்சு மணி மட்டும் ஒரே சண்டை. நாங்கள் இஞ்சால தள்ளி நிப்பம், அவைக்கு நாங்கள் நிக்கிறது தெரிய வேண்டாம்.

என்ன தம்பி, என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? அவையைப் பாருங்கோ.

என்னெண்டு? கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ, எனக்கு இந்தக் காது மந்தம்.

ஓம். கேட்டுத்தான் விட்டிருக்கிறார். அண்ணர் உங்களிட்டைக் கேட்டு விட்டிருக்கிறார்தான். நான் மறுக்கேல்லை. இருபத்திநாலு வரியம் பிந்தி எண்டாலும், கேட்டது கேட்டதுதான்.

அந்தக் கார்ட்டை ஒருக்கால் எடுங்கோ. வாசிக்கிறதுக்கு இல்லை, சும்மா பாக்கிறதுக்கு. ஆரணியோ பேர்? வடிவான பேர். பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கேக்கை தூக்கினனான், என்ரை சட்டையை நனைச்சவள். அதுக்குப் பிறகு காணேல்லை. இதென்ன, சித்தப்பா எண்டு என்ரை பேரும் போட்டிருக்குது. அச்சடிச்ச பிறகு வெட்ட ஏலாது என்ன.

அவர் எத்தினை அடி உடைக்கக் கேட்டவர்? ரெண்டரையோ? மதிலைப் பற்றி ஒண்டும் தெரியாத மனுசன். பெரிய கிடாரத்துச் சோத்தை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு ரெண்டரை அடிக்குள்ளாலை எப்பிடி வாறது? நான் இஞ்சை ரெண்டரை வெட்டிப்போட்டு ஒரு வாளிக்கே முழங்கையைத் தேய்ச்சனான். நாலு அடி வேணும். நாலு அடி, அதுவும் கிணத்தடிக்கு நேரா உடைக்கச் சொல்லுங்கோ, மச்சாள் வாளியோடை சுத்தாமல் வாறதுக்கு. போத்தில் ஓட்டை முதல் தட்டி எடுக்கச் சொல்லுங்கோ, பந்தலுக்குள்ளை சின்னப் பிள்ளையள் ஓடித் திரியுங்கள்.

நான் சம்மதம் எண்டு சொல்லாதையுங்கோ, என்ன. அளவு மட்டும் சொல்லுங்கோ. உடைச்ச கல்லுகளை எறிய வேண்டாம், ஒரு கரையில அடுக்கி வைக்கட்டும். கலியாணம் முடியப் பொட்டை அடைக்க வேணும். அதை வேறை ஆரும் அடைக்கக் கூடாது, நான் வந்துதான் அடைப்பன். நான் அடைச்சா எப்பிடி இருக்கும் எண்டு நீங்களே இப்ப குனிஞ்சு பாத்தனீங்கள்தானே.